கட்டையும் பாலையும்: பியானோ மாணவர்க்கு இசையிலக்கண அடிப்படைகளைக் கற்பித்தலில் ஆபிரகாம் பண்டிதரின் இசைக்கொள்கை – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பியானோவும் மின்விசைப்பலகையும் பயிலும் தமிழ் மாணவர்கள் மேனாட்டு இசையிலக்கணத்தின் அடிப்படைகளைப் பெரும்பாலும் தேர்வுப் பாடமாகவே கற்கின்றனர். இவ்விலக்கணத்தைத் தமிழிசை மரபின் வழியே விளக்க முடியுமா என்னும் வினாவிற்கு விடை தேடுவோர் தென்காசிப் பகுதியில் பிறந்த மு. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) என்னும் நூலை நாடுவது இயல்பு. அந்நூல் முன்வைக்கும் இசைக்கொள்கையில் வகுப்பறைக்குக் கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இளிமுறை, பாலைத்திரிவு ஆகிய இரண்டும் விசைப்பலகையில் நேரடியாகப் பயன்படும் கற்பித்தற் கருவிகள் என்றும், 24 சம சுருதிக் கொள்கை அவ்வாறு பயன்படாது என்றும், இசைவுக்கூட்டுகளைத் தமிழிசை வழியே விளக்கும் முயற்சிக்கு எல்லை உண்டு என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆபிரகாம் பண்டிதர், கருணாமிர்த சாகரம், இளிமுறை, பாலைத்திரிவு, பியானோ கற்பித்தல், சமப்பகுப்பு, கட்டை.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கேரள எல்லையை ஒட்டிய புளியறையில் தொடங்கிச் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி எனக் கிழக்கு நோக்கி வருவோர் அணுகும் ஊர்களுள் ஒன்று சாம்பவர் வடகரை. 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அவ்வூரில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். அன்று திருநெல்வேலி மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019 முதல் தென்காசி மாவட்டமாக உள்ளது. பண்டிதர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தஞ்சையில் நிலைபெற்ற சித்த மருத்துவர். வேளாண்மை, அச்சுத்தொழில் ஆகியவற்றிலும் ஈடுபட்டவர். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழிசைக்குக் கணக்கியல் அடிப்படை காண முயன்ற முன்னோடியாகவே அவர் இன்று நினைக்கப்படுகிறார்.

பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைகின்றன. சுருதிகள் 22 என்பது சரியா, 24 என்பது சரியா என்பதே அவ்வினா. அவர் ஓர் ஆசிரியர் என்பதும், இசை பயில்வோர்க்கான ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்னும் நூலைத் தமிழில் தந்தவர் என்பதும் அவ்விவாதத்தில் பின்தள்ளப்படுகின்றன. அவர் கொள்கையை வரலாற்று வழக்காக மட்டும் நோக்காமல் கற்பித்தற் கருவியாக நோக்கினால், அதன் வலிமையும் மெலிவும் வேறு வகையில் புலப்படும். அந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

தேர்வு சார்ந்த பயிற்சியும் அதன் குறையும்

தமிழகத்தில் மேனாட்டு இசையிலக்கணப் பயிற்சி புதியதன்று. 1893இல் அ. ம. சின்னசாமி முதலியார் கருநாடக இசை உருப்படிகளை ஐரோப்பியக் குறிமானத்தில் எழுதிச் சென்னையில் வெளியிட்டார். தேவாலயப் பாடற்குழுக்களும், திரையிசைக் கலைஞர்க்கு மேனாட்டு இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் போன்ற சென்னை ஆசிரியர்களும் அப்பயிற்சியைப் பரப்பினர். எனினும் இன்று பியானோ மாணவர் பலர்க்கு அவ்விலக்கணம் அறிமுகமாவது இலண்டன் டிரினிட்டி கல்லூரி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய அமைப்புகளின் தரநிலைத் தேர்வுகள் வழியாகவே. ஏபிஆர்எஸ்எம் முறையில் ஆறாம் தரச் செய்முறைத் தேர்வை எழுதுவதற்கு ஐந்தாம் தர இசையிலக்கணத் தேர்ச்சியோ அதற்கு இணையானதாக அவ்வமைப்பு ஏற்கும் தேர்ச்சியோ தேவை. இதனால் இசையிலக்கணம் மேல்தரத்திற்குச் செல்ல வாங்க வேண்டிய நுழைவுச்சீட்டாகச் சுருங்கிவிடும் வாய்ப்பு மிகுதி.

இத்தேர்வுகளின் பாடத்திட்டம் குறையுடையது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அது ஒழுங்கும் படிநிலையும் உடையது. குறை, அது மாணவர் காதில் முன்னரே உள்ள இசையறிவோடு இணைக்கப்படாமல் கற்பிக்கப்படுவதில் உள்ளது. ஷார்ப் குறிகளின் வரிசையை ஆங்கில நினைவுத்தொடர் ஒன்றால் மனப்பாடம் செய்யும் மாணவர், அவ்வரிசை ஏன் அவ்வாறு அமைகிறது என்பதை அறியார். வினாத்தாளில் விடை சரியாக இருக்கும். ஆனால் விரல் கட்டையின்மேல் இருக்கும்போது அவ்வறிவு உதவாது. ஒலியை விட்டுப் பிரிந்த இலக்கணம் தாளின்மேல் செய்யும் கணக்காகவே எஞ்சும்.

கட்டையும் சுரமும்: இரு பெயர்முறைகள்

தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் முதல் இடர் பெயர்களில் தோன்றுகிறது. பல வகுப்புகளில் ‘சி என்பது ச, டி என்பது ரி’ என்றே பாடம் தொடங்குகிறது. சி மேஜர் ஸ்கேல் பயிலும் வரை இதனால் இடர் இல்லை. ஜி மேஜருக்கு வந்தவுடன் குழப்பம் பிறக்கிறது. அங்கு ‘ச’ எது? ஜியா, சியா? ஆதார சுருதி எங்கிருந்தாலும் அதுவே ‘ச’ என்பது மாணவர் கேட்டு வளர்ந்த மரபு. சி என்னும் எழுத்தோ ஒரு குறிப்பிட்ட விசையின் பெயர். இடம் மாறும் பெயரை இடம் மாறாப் பெயரோடு ஒன்றாக்கியதே குழப்பத்தின் காரணம்.

இதற்குத் தீர்வு தமிழ்நாட்டு இசை வழக்கிலேயே உள்ளது. ஆர்மோனியத்தின் வழியே நிலைபெற்ற ‘கட்டை’ என்னும் சொல் இடம் மாறா ஒலிநிலையைக் குறிக்கிறது. ஒரு கட்டை சி. இரண்டு கட்டை டி. ஐந்து கட்டை ஜி. ஆறு கட்டை ஏ. கருப்பு விசைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறும். மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் கருப்பு விசை இல்லை என்பதே காரணம். மேஜர் ஸ்கேலின் அரைச்சுர இடைவெளிகள் இரண்டும் இவ்விடங்களிலேயே அமைகின்றன என்பதை இப்பெயர்முறையே காட்டிவிடுகிறது.

ஆகவே இடம் மாறாதது கட்டை, இடம் மாறுவது சுரம் என்னும் வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே நிறுவுதல் வேண்டும். ‘ஐந்து கட்டையில் ச’ என்று சொல்லப் பழகிய மாணவர்க்கு ஜி மேஜர் அயலாகத் தோன்றாது. தமிழ் மாணவர் இவ்விரு பெயர்முறைகளையும் முன்னரே அறிந்திருக்கிறார் என்பதைப் பாடம் மறந்துவிடுவதுதான் உண்மையான இழப்பு.

இளிமுறையும் ஷார்ப் குறிகளின் வரிசையும்

பண்டிதரின் நூலில் வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் பகுதி, நரம்புகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையைப் பற்றிய ஆய்வு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளையும் அவை பிறக்கும் முறையையும் சிலப்பதிகார உரைகள் பேசுகின்றன. அவற்றின்படி தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதன் ஐந்தாம் நரம்பு, அதாவது இளி. பண்டிதர் தம் கொள்கையின் அடித்தளமாக இம்முறையைக் கொண்டார்.

இம்முறையைப் பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் அமைத்துக் காணலாம். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது பிற்கால ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. அதன்படி ஐந்து கட்டையாகிய ஜியைக் குரலாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே செம்பாலையைத் தரும். அப்போது தாரம் எஃப், உழை சி, குரல் ஜி, இளி டி, துத்தம் ஏ, விளரி இ, கைக்கிளை பி. பிறப்பு முறையில் வைத்தால் எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி என்னும் வரிசை கிடைக்கும். மேனாட்டுக் குறிமானத்தில் ஷார்ப் குறிகள் இடப்படும் வரிசையும் இதுவே. பி தொடங்கி இதைப் பின்னோக்கிப் படித்தால் ஃபிளாட் குறிகளின் வரிசை வரும்.

இவ்வொற்றுமை தற்செயலன்று. ஏழு நரம்புகளும் இளித்தொடர் ஒன்றின் அடுத்தடுத்த ஏழு கண்ணிகள். ஆதார சுருதியை ஓர் இளி மேலே நகர்த்தினால், தொடரின் அடிமுனையில் உள்ள ஒரு நரம்பு நீங்கி, மேல்முனையில் ஒரு புதிய நரம்பு சேரும். சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குச் செல்லும்போது எஃப் நீங்கி எஃப் ஷார்ப் வருவது இதனால்தான். அடுத்து டி மேஜருக்குச் செல்லும்போது சி நீங்கிச் சி ஷார்ப் வரும். நீங்கும் வரிசையே ஷார்ப் பெறும் வரிசை. மனப்பாடமாக இருந்த ஒன்று இங்கே காரணம் பெறுகிறது. மாணவர் கட்டையை அழுத்தி, ஐந்தாம் நரம்பைக் காதால் தேடி, அவ்வரிசையைத் தாமே கண்டடைய முடியும்.

பாலைத்திரிவும் ஏழு ஸ்கேல்களும்

வெள்ளைக் கட்டைகளை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுவது பாலைத்திரிவு. மேற்கூறிய முடிபின்படி ஜியில் தொடங்கினால் செம்பாலை, ஏயில் தொடங்கினால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி, பியில் செவ்வழிப்பாலை, சியில் அரும்பாலை, இன்றைய சங்கராபரணம், டியில் கோடிப்பாலை, இன்றைய கரகரப்பிரியா, இயில் விளரிப்பாலை, இன்றைய தோடி, எஃபில் மேற்செம்பாலை, இன்றைய கல்யாணி. இவற்றுள் சியில் தொடங்குவது மேனாட்டார் மேஜர் ஸ்கேல். ஏயில் தொடங்குவது அவர்தம் இயல்பு மைனர் ஸ்கேல்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பாலைகளின் அடையாளம் குறித்து ஆய்வாளரிடையே முழு உடன்பாடு இல்லை. குறிப்பாக, குரலுக்கு நேர் இளி அமையாத செவ்வழிப்பாலை பற்றிய விளக்கங்கள் வேறுபடுகின்றன. எனவே இதனை முடிந்த வரலாற்று உண்மையாக அன்றி, நிறுவப்பட்ட வலுவான விளக்கங்களுள் ஒன்றாகவே மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். மற்றொன்று, ஸ்கேல் இராகமன்று. இயில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்தினால் தோடியின் சுரத்தானங்கள் கிடைக்குமே தவிரத் தோடி கிடைக்காது. கமகம் இன்றித் தோடி இல்லை. பியானோவின் விசையில் கமகத்திற்கு இடமில்லை. கமகம் வேண்டா மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதரின் நோட்டுசுவர சாகித்தியங்கள் தக்க சான்று. மேனாட்டு மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரணச் சுரங்களில் அமைந்த அவை, பியானோ வகுப்பில் இரு மரபுகளையும் நேர்மையாகச் சந்திக்க வைக்கும் பாடங்கள்.

மாத்திரை என்னும் அளவு

ஒலிப்பளவைக் கற்பிக்கவும் அயல் உவமைகளைத் தேட வேண்டியதில்லை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை, மகரக்குறுக்கம் கால் என்பது தமிழ் மாணவர் பள்ளியில் பயிலும் எழுத்திலக்கணம். கிராச்செட் ஒன்றெனக் கொண்டால் மினிம் இரண்டு, குவேவர் அரை, செமிகுவேவர் கால். விகிதம் அப்படியே பொருந்துகிறது. இரண்டு இடங்களிலும் அளவு என்பது கடிகார நேரமன்று, ஒன்றுக்கொன்று உள்ள ஒப்பீடு என்பதையும் இதன்வழி உணர்த்தலாம். ஆயினும் இப்பொருத்தம் அளவோடு நிற்கும். நான்கிற்கு நான்கு என்னும் காலக்குறியில் முதல் எண்ணிக்கைக்கு அழுத்தம் உண்டு. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்தை அதன் இருமடங்கு என்று மட்டும் விளக்கினால், தட்டும் வீச்சும் விரல் எண்ணிக்கையும் கொண்ட அதன் உறுப்பமைப்பு மறைந்துவிடும்.

24 சுருதிக் கொள்கையின் எல்லை

பண்டிதர் பெரிதும் போற்றிய கொள்கை வகுப்பறையில் எவ்வளவு பயன்படும் என்பது அடுத்த வினா. 13ஆம் நூற்றாண்டுச் சாரங்கதேவர் வழிவந்த 22 சுருதிக் கணக்கை மறுத்த அவர், ஒரு தாயியைச் சம விகிதத்தில் பகுத்தார். ஆயப்பாலையில் 12 அரைச்சுரங்கள், வட்டப்பாலையில் 24 சுருதிகள், திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்பது அவர் வகுத்த முறை. 1912 முதல் தஞ்சையில் தாம் நடத்திய சங்கீத வித்தியா மகாஜன சங்க மாநாடுகளிலும், 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும் இக்கொள்கையை அவர் வாதிட்டார்.

இளிமுறையை இயற்கையான ஒலி விகிதப்படி தொடர்ந்தால் வட்டம் மூடுவதில்லை. 3/2 என்னும் விகிதத்தில் பன்னிரண்டு இளிகள் ஏறினால், ஏழு தாயிகளைவிட ஏறத்தாழ 23.5 சென்ட் மிகும். ஒரு தாயியின் அளவு 1200 சென்ட். இம்மிகுதியைப் பன்னிரண்டு இளிகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 2 சென்ட் குறைப்பதே இன்றைய பியானோவின் சமப்பகுப்பு. வட்டத்தை மூட வேண்டுமெனில் இத்தகைய ஒரு விட்டுக்கொடுத்தல் தவிர்க்க இயலாதது. சம விகிதத்தை வலியுறுத்திய பண்டிதர் இத்தேவையை நன்கு உணர்ந்தவர். அவ்வகையில் அவர் கணக்கு பியானோவின் கணக்கே.

எனின், 24 ஆகப் பகுப்பதால் கிடைப்பது என்ன? சமப்பகுப்பில் ஒரு சுருதி 50 சென்ட். இளி 14 சுருதி, அதாவது 700 சென்ட். உழை 10 சுருதி, 500 சென்ட். அந்தர காந்தாரம் 8 சுருதி, 400 சென்ட். இவை மூன்றும் 12 பகுப்பில் கிடைத்தவையே. இயற்கையான அந்தர காந்தாரம் 5/4 என்னும் விகிதத்தில் ஏறத்தாழ 386 சென்ட். பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் மிகுந்திருப்பதைச் செவிப்பயிற்சி உடையோர் உணர்வர். பண்டிதரின் 24 பகுப்பு இக்குறையைச் சற்றும் நீக்குவதில்லை. 386க்கு அணுக்கமான சுருதி அங்கும் 400தான். புதிதாக அது தருவது இடைநிலைப் புள்ளிகளை மட்டுமே. கமகம் புள்ளிகளில் நிற்பதன்று, புள்ளிகளிடையே இயங்குவது. ஆதலால் அப்புள்ளிகள் கமகத்தையும் முழுமையாக விளக்கா. ஆகவே 24 சுருதிக் கொள்கை வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாதது. பியானோ மாணவர்க்கோ 12 அரைச்சுரங்கள் கொண்ட ஆயப்பாலைப் பகுப்பே போதுமானது.

மூன்றாம் நரம்பின் சிக்கல்

தமிழிசை மரபும் மேனாட்டு இலக்கணமும் பிரியும் இடம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். இரு மரபுகளின் ஒற்றுமையை நாடும் எழுத்துகள் பெரும்பாலும் இவ்விடத்தைக் கடந்துவிடுகின்றன. நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகப் பகுக்கும் சிலப்பதிகார உரைமரபில் ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாமும் ஆறாமும் பகை. மேனாட்டு இசைவுக்கூட்டோ முதல், மூன்றாம், ஐந்தாம் சுரங்களால் ஆவது. பியானோ மாணவர் இரண்டாம் மாதத்தில் அழுத்தும் சி, இ, ஜி என்னும் கூட்டின் நடுச்சுரம் உரைமரபில் பகை நரம்பு.

இம்முரண்பாட்டை மறைப்பதைவிட விளக்குவது பயனுடையது. இளித்தொடர் வழியே பெறப்படும் மூன்றாம் நரம்பு 81/64 என்னும் விகிதம் உடையது. ஏறத்தாழ 408 சென்ட். இயற்கை இசைவிலிருந்து அது 22 சென்ட் விலகி நிற்கிறது. இடைக்கால ஐரோப்பாவிலும் இதே இளித்தொடர்க் கணக்கு நிலவியபோது மூன்றாஞ்சுரம் முழு இசைவாக ஏற்கப்படவில்லை. எனவே இப்பகுப்பு தமிழ் மரபின் குறையன்று. இளியை அடிப்படையாகக் கொண்ட இசைமுறைகளில் எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவுக்கூட்டு இலக்கணம் ஐரோப்பாவில் தனியே வளர்ந்தது. அதனைத் தமிழ் நூல்களில் தேடுவது இரு மரபுகளுக்கும் நீதி செய்வதாகாது.

முடிவுரை

பண்டிதரை ‘எல்லாம் தமிழில் முன்னரே இருந்தது’ என்னும் முழக்கத்திற்குச் சான்றாக நிறுத்துவது எளிது. அவ்வாறு நிறுத்தப்படும் பண்டிதர் மேடைக்குப் பயன்படுவாரே அன்றி மாணவர்க்குப் பயன்படமாட்டார். அவரை முற்றும் ஒதுக்கி, தேர்வுக் கையேட்டை மட்டும் கொள்வதும் இழப்பே. கட்டை, சுரம் என்னும் பெயர் வேறுபாடு வழக்கிலிருந்தும், இளிமுறையும் பாலைத்திரிவும் உரைமரபிலிருந்தும், மாத்திரை எழுத்திலக்கணத்திலிருந்தும் கொள்ளத்தக்கவை. இவற்றால் ஸ்கேல், ஷார்ப் வரிசை, ஒலிப்பளவு ஆகியவற்றை மாணவர் காரணத்தோடு கற்க இயலும். 24 சுருதிக் கணக்கு பியானோ வகுப்பிற்கு வேண்டுவதன்று. இசைவுக்கூட்டைப் பிற மரபின் கொடையாகவே அறிமுகம் செய்தல் வேண்டும்.

கருணாமிர்த சாகரம் வெளிவந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. அதன் ஆசிரியர் 1919இல் மறைந்தார். அவர் பிறந்த ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு குழந்தை மின்விசைப்பலகையின் முன் அமர்ந்து, நான்கு கட்டைக்கு ஏன் முதலில் ஷார்ப் வருகிறது என்று கேட்டால், அதற்கு மனப்பாடத் தொடரை அன்றிக் காரணத்தை விடையாகத் தரும் தமிழ்ப் பாடநூல் வேண்டும். பண்டிதர் ஆய்வு இனிச் செல்ல வேண்டிய திசை அதுவே.